இராசண்ணை பூட்டிய இடது பெடல்

கொழும்பில் வைத்தியம் பார்த்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கோ என்று சொன்ன பிறகு, என் அம்மாவை இராசண்ணையின் காரில்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம். முன்சீற்றில் என் தம்பி நித்திரை. பின்னால் அம்மாவின் தலை என் மடியில். கொடிகாமத்தில் கார் வடமராட்சிப் பக்கம் திரும்பியபோது, என் கைக்குள் இருந்த அம்மாவின் கை குளிர்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் இராசண்ணையின் கண் என்னைப் பார்த்தது. தம்பியை நான் எழுப்பவில்லை.

வெளியில் போன உயிர் என்றால் எங்கள் பக்கத்தில் உடலை வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள். முற்றத்துப் பந்தலோடு சரி. தன் அறையில், தன் கட்டிலில் கண்மூட வேண்டும் என்று அம்மா கொழும்பில் கிடந்த நாளெல்லாம் கேட்டவர். அது இராசண்ணைக்குத் தெரியும். வாடகைக்கு ஹயர் ஓடும் காரில் ஒரு சா விழுந்தது என்று தெரிந்தால், பிறகு கலியாண வீட்டுக்காரர் ஒருவரும் அந்தக் காரைக் கூப்பிடமாட்டார்கள் என்பதும் தெரியும். காரை மெதுவாக்கினார். பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து விலத்தினார்.

"அம்மா, வரணி வந்திட்டுது," என்றார். கொஞ்சத் தூரம் போய், "இது நெல்லியடிச் சந்தி அம்மா. சனம் கூட, கொஞ்சம் பொறுங்கோ," என்றார். பிறகு, "உங்கடை ஒழுங்கைக்குள்ளை திரும்புறன்."

வீட்டு வாசலில் ஒருவரையும் கிட்ட விடாமல் தானே அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார். "மூச்சு வாங்குது, கெதியாப் பாலைக் கொண்டாங்கோ," என்றார். எல்லோரும் ஓடிவந்து பால் பருக்கினார்கள். அம்மா தன் வீட்டில் நிம்மதியாகப் போனார் என்று ஊர் சொன்னது. அடுத்த நாள் பார்த்தால் இராசண்ணை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காரைக் கழுவிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "புழுதி," என்றார்.  

இராசநாயகம் என்பது அவருடைய முழுப்பெயர். கரவெட்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. நடுவில் ஒரு வேலிதான். நெல்லியடிச் சந்தியில் கார் வைத்து ஹயர் ஓடினார். வெள்ளை நிறக் கார், கிளச் இல்லாத ஓட்டோ கியர். அதை வாங்கிய அன்று பிள்ளையார் கோயிலடியில் நிறுத்திப் பூசை செய்து, ஐயர் கொடுத்த பிள்ளையார் படத்தை முன்னுக்கு ஒட்டினார். அன்று தொடக்கம் காருக்குள் செருப்போடு கால் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றிச் சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓடுவார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கண்டு சிரித்தால், "நீங்கள் கோயிலுக்குள்ளை சப்பாத்தோடை போவியளோ?" என்று கேட்பார். அதோடு அவர்களும் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

மனைவி சுவர்ணாக்கா. பிள்ளைகள் இல்லை. பின்னேரத்தில் ஓட்டம் இல்லாவிட்டால் அக்காவை முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக் கடற்கரைப் பக்கம் போய்க் காற்று வாங்கிவிட்டு வருவார். சந்தியில் நிற்கிற மற்றச் சாரதிமார், "இராசண்ணை பெண்டிலுக்கு ஹயர் ஓடுறார்," என்று பகிடி பண்ணுவார்கள். "ஓமடாப்பா, உவதான் என்ரை நிரந்தரக் கஸ்ரமர். சொல்லுற இடத்துக்குப் போகாட்டில் சோறு கிடையாது," என்பார்.

சுவர்ணாக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகின. செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணத்துக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு நாளும் தவறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். விடியற்காலையில் அக்காவுக்கு ஒரு தலையணையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். மெசினால் எழும்பினால் அக்காவுக்குத் தலை நிற்காது, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். தலையணையில் சாய்ந்துகொண்டு வருவார். அந்த இரண்டு நாளும் வேறு ஓட்டம் எதுவும் எடுப்பதில்லை.

அந்த வருடம் அவர் ஒரு நேர்த்தி வைத்தார். கடலோரக் கோயில் தீர்த்தத் திருவிழாவில், மத்தியான வெயிலில், சுவாமிக்குப் பின்னால் மணலில் நடந்து வருகிறேன், சுவர்ணாவை வைத்திரு என்று. அவருக்கும் ஒரு வருத்தம், சலரோகம் என்கிற சீனி வியாதி இருந்தது. பாதம் விறைத்துப்போய், முள் ஏறினாலும் தெரியாது. "எனக்குக் காலிலை எறும்பு கடிச்சால் எறும்புக்குத்தான் நோகும்," என்று சொல்லிச் சிரிப்பார்.

நானும் அன்று போயிருந்தேன். நெல்லுப் போட்டால் பொரிகிற மணல். சனம் தாவித் தாவி நிழல் தேடி ஓடியது. இராசண்ணை மட்டும் கைகூப்பிக்கொண்டு மெல்ல ஆறுதலாக நடந்தார். "பக்தி எண்டால் உதுதான், பாருங்கோ," என்று பக்கத்தில் நின்ற ஒரு ஐயா சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது சுவர்ணாக்காதான் கண்டு கத்திக் குளறினார். இரண்டு உள்ளங்காலும் வெந்து தோல் கழன்றிருந்தது. இடது கால் மெல்ல ஆறியது. வலது கால் ஆறவில்லை. கறுத்து, அழுகி மணத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சுவாமி நேர்த்திக்குக் காலைக் கேட்டார் என்று ஊரில் சிலர் கதைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சுவாமி அப்படிக் கேட்கிறவர் இல்லை. 

கால் போனதைப் பற்றி இராசண்ணை அழவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "இண்டைக்கு என்ன கிழமை? சுவர்ணாவை ஆர் கொண்டு போனது?" என்றுதான் கேட்டார்.

முதல் மாதம் சந்திச் சாரதிமார் முறைவைத்துக் கொண்டுபோனார்கள். நல்லவர்கள்தான். ஆனால் கலியாண மாதம் வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் எல்லாருக்கும் ஓட்டம். விடிய ஒரு நோய் வருத்தக்காரரை ஏற்றிய காரில் பிறகு கலியாணப் பொம்பிளையை ஏற்றுவதற்குச் சிலருக்கு மனம் வரவில்லை. போன் எடுத்தால் அடித்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் கொண்டுபோனோம். வரும்போது அக்கா மயங்கி விழுந்தார். ஓட்டோவில் குலுக்கிய குலுக்கில் கையில் ஊசி குத்திய இடம் திறந்து இரத்தம் ஓடியது. ஒரு செவ்வாய் தவறியது. அடுத்த வெள்ளியும் தவறியது.

அக்காவின் முகமும் காலும் வீங்கின. படுத்தால் மூச்சு விட ஏலாது. கதிரையில் இருந்தபடி நித்திரை கொண்டார். இராசண்ணை அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு, ஒரு கையில் காரை ஸ்டார்ட் பண்ணும் திறப்பை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கார் முற்றத்தில் நின்றது. அதை ஓட எனக்கும் தெரியாது, என் தம்பிக்கும் தெரியாது.

பொய்க்கால் போட்டு நடக்கப் பழகினார். ஆனால் பொய்க்கால் பெடலில் எங்கே நிற்கிறது என்று தெரியாது. மிதித்தால் அக்சிலேற்றரும் பிரேக்கும் ஒன்றாக மிதிபடும்.

அப்போதுதான் அவருடைய தமக்கையின் மகன் லக்ஷன் கனடாவிலிருந்து ஒரு சாமான் அனுப்பினான். வலது கால் இல்லாதவர்கள் இடது காலால் ஓடுவதற்கான பெடல். ஒரு இரும்புத் தட்டு, அதில் இடப்பக்கம் ஒரு பெடல், அதிலிருந்து குறுக்கே ஒரு கம்பி. இடது பெடலை மிதித்தால் கம்பி போய் வலப்பக்கத்து அக்சிலேற்றரை அமத்தும். கார்க் கம்பனிக்காரர் செய்ததில்லை, வெளியில் வாங்கிக் காரில் பொருத்திப் பூட்டுவது.

ஒரு ஓட்டோ பிடித்து, நெல்லியடியில் கார் திருத்தும் கராச் வைத்திருக்கும் ஜெனிஸ்ரனிடம் கொண்டுபோனோம். அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மூடினான்.

"அண்ணை, கோவியாதையுங்கோ. நான் உதைப் பூட்டமாட்டன்."

"ஏன் தம்பி? உனக்குத் தெரியாத வேலையோ?"

"தெரிஞ்ச வேலைதான். நாளைக்கு நீங்கள் ஒருத்தனை அடிச்சால், ஆர் பூட்டினது எண்டு என்னட்டைத்தான் வருவாங்கள். லைசென்சிலையும் உது போட வேணுமெல்லே?"

"எழுதிப் போட்டிருக்கிறன். பதில் வரேல்லை. பதில் வருமட்டும் அவளின்ரை ரத்தம் பாத்துக்கொண்டு நிக்குமோ?"

ஜெனிஸ்ரன் தலையைக் குனிந்துகொண்டு கையைத் துணியில் துடைத்தான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் போகும்போது துளைபோடும் மெசினையும் ஒரு பெட்டி ஸ்பனரையும் எடுத்து ஓட்டோவில் வைத்தான். "இது நான் தந்தனெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ," என்றான்.

அடுத்த நாள் காலையிலேயே முற்றத்தில் வேலை தொடங்கியது. முன்கதவைத் திறந்து, பொய்க்காலைக் கழற்றிப் பின்சீற்றில் வைத்துவிட்டு, ஸ்டியறிங்குக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்தார். நான் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துவிட்டு வந்து ஸ்பனர் எடுத்துக் கொடுத்தேன். எது எத்தனையாம் நம்பர் என்று எனக்குத் தெரியாது. "சின்னன்... அதிலும் சின்னன்... அது கரண்டி தங்கச்சி, அதை வை," என்பார். சுவர்ணாக்கா விறாந்தையில் கதிரை போட்டு இருந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லக்ஷன் வீடியோவில் வந்தான்.

"மாமா, போனைத் திருப்பிப் பிடியுங்கோ. உங்கடை மூக்குத்தான் தெரியுது."

"மூக்கும் இந்த வேலையிலைதான் நிக்குது. நீ சொல்லு."

பழைய கால்மிதியை எடுத்து, தரைவிரிப்பை வெட்டி, தட்டை வைத்துப் பார்த்தார். தட்டு சமமாக இருக்கவில்லை. காருக்கு நடுவில் ஓடுகிற மேட்டில் இடப்பக்க மூலை ஏறி நின்று ஆடியது. திருப்பி வைத்தார், ஆடியது. லக்ஷன் போனுக்குக் கிட்டக் குனிந்து பார்த்தான்.

"மாமா... இஞ்சை ஸ்டியறிங் இடப்பக்கம். அந்த மேடு எங்களுக்கு மற்றப் பக்கம் வரும். அதை நான் யோசிக்கேல்லை. திருப்பி அனுப்புங்கோ, வேறை எடுத்து அனுப்புறன்."

"எப்ப வரும்?"

"ரெண்டு மாதம் செல்லும்."

இராசண்ணை காருக்கு வெளியே தலையை எடுத்து விறாந்தையைப் பார்த்தார். சுவர்ணாக்கா வீங்கிய காலை ஒரு முக்காலியில் வைத்திருந்தார். "என்ன, கார் தப்புமோ நான் தப்புவனோ எண்டு பாக்கிறியளோ?" என்று அக்கா கேட்டார். இராசண்ணை இரும்பு அறுக்கும் வாளை எடுத்தார்.

அன்று முழுக்க அந்த மூலையை அறுத்தார். வாள் அலகு உடைந்தது. வேறு போட்டார். அதுவும் உடைந்தது. கையில் கொப்புளம் வந்து உடைந்து வாள் பிடியில் ஈரமானது. அறுத்த பிறகும் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது. கீழே கொடுக்க ஒரு பலகைத்துண்டு சீவினார். கடைசியில் போல்ட் பூட்டக் காரின் அடித்தகட்டில் துளைபோட வேண்டும். மெசினை வைத்துவிட்டுக் கண்ணை மூடி, "பிள்ளையாரே, உன்ரை வீட்டிலைதான் துளை போடுறன், பொறுத்துக்கொள்," என்றார். 

பூட்டி முடிந்ததும் லக்ஷன், "மாமா, ஒரு விசயம்," என்றான். "பெடல் இரும்பு. வழுக்காமல் இருக்க அரம் மாதிரிப் பல்லு வைச்சிருக்கிறாங்கள். தடிச்ச சப்பாத்தோடைதான் ஓட வேணும்."

"உன்ரை கனடாப் பிள்ளையார் சப்பாத்துப் போடுவார்போலை," என்றார் இராசண்ணை. "எங்கடையவர் போடுறதில்லை."

"மாமா, பகிடி இல்லை."

"நானும் பகிடி விடேல்லை."

சைக்கிள் ரியூப் வெட்டிப் பெடலுக்கு மேல் ஒட்டிப் பார்த்தார். மிதிக்க மிதிக்க அது கழன்று வழுக்கியது. விறைத்த காலுக்கு வழுக்குவது தெரியாது, அது இன்னும் ஆபத்து என்று பிடுங்கி எறிந்தார். வெறும் இரும்பாகவே விட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் பொய்க்காலைக் கழற்றிவிட்டு வளவுக்குள் ஓடிப் பார்த்தார். நானும் அக்காவும் விறாந்தையில் நின்றோம். கார் மெல்ல நகர்ந்தது. மெல்ல வளைந்தது. அவர் முகத்தில் கால் எடுத்ததற்குப் பிறகு முதல் தடவையாக ஒரு சிரிப்பைக் கண்டேன். அப்போது கிணற்றடிப் பக்கம் ஒரு கோழி குறுக்கே ஓடியது. கார் நிற்கவில்லை. உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. "பிரேக்! பிரேக்!" என்று அக்கா குளறினார். கிணற்றுக்கு இந்தப்பக்கம் வேப்பமரத்தடியில் அவர்கள் வீட்டுக் காவல் தெய்வம் வைரவர் இருந்தார். ஒரு கல்லும் ஒரு சூலமும். கார் அந்தக் கல்லில் ஏறி, சூலத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம். 

"பிரேக்கை மிதிச்சனான். சத்தியமா மிதிச்சனான்," என்றார். "வலது காலாலை மிதிச்சனான்."

வலது கால் அங்கே இல்லை. முழங்காலுக்குக் கீழே காற்சட்டை வெறுமனே தொங்கியது. இல்லாத காலால் அவர் முழுப் பலத்தோடும் மிதித்திருக்கிறார். இருந்த கால் அக்சிலேற்றரிலேயே நின்றிருக்கிறது.

சுவர்ணாக்கா சாய்ந்து கிடந்த சூலத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார்.

"போதும், காணும்," என்றார். "வைரவரே வேண்டாமெண்டு மறிச்சிட்டார். நான் இனி ஒரு இடமும் வரேல்லை. இவ்வளவு நாள் இருந்ததே காணும் எனக்கு. நீங்கள் உதைக் கழட்டுங்கோ."

"சுவர்ணா—"

"கழட்டுங்கோ எண்டுறன்! எனக்காண்டி ஒரு கால் போனது காணாதோ? இனி ஊரிலை உள்ள பிள்ளையளையும் அடிக்கப் போறியளோ?"

அப்போதுதான் இராசண்ணை அழுதார். கால் எடுத்தபோது அழாத மனிதர், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல் குரலெடுத்து அழுதார். 

"ஓம், மறிச்சவர்தான்," என்றார் அழுகைக்குள். "எங்கை மறிச்சவரெண்டு பார். அங்காலை பார் சுவர்ணா. கிணறு. அவர் விட்டிருந்தால் நான் இப்ப கிணத்துக்குள்ளை. காவல்காரன் தன்ரை வேலையைச் செய்திருக்கிறார். நீ என்னடாவெண்டால் அவர் உன்னைச் சாகச் சொல்லுறார் எண்டுறாய். அவர் அப்பிடிச் சொல்லுவாரோ? தங்கச்சி, நீ கோயில் குளமெண்டு திரியிறனி, நீ சொல்லு, சொல்லுவாரோ?"

"சொல்லமாட்டார் அண்ணை," என்றேன். 

நேரம் போனது. சுவர்ணாக்கா கையூன்றி எழும்பினார். சூலத்தைத் தானே நிமிர்த்தினார். நான் மண் அணைத்தேன். அக்கா வைரவரடியில் இருந்த திருநீற்றை எடுத்து, காருக்குள் குனிந்து, மூச்சு முட்ட முட்ட, அந்த இரும்புப் பெடலில் பூசினார்.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னம் ஓடப் பழகுங்கோ," என்றார்.

பழகினார். தன் சால்வையால் வலது தொடையைச் சீற்றோடு இறுக்கிக் கட்டினார். "இல்லாத காலுக்கு விலங்கு," என்றார். இடது காலுக்கு உணர்வு இல்லாததால் எவ்வளவு மிதிக்கிறேன் என்று காலுக்குத் தெரியாது, என்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் பிடிக்கிறேன் என்று சொன்னார். பின்னேரங்களில் ஜெனிஸ்ரன் வந்தான். காருக்குக் கீழே படுத்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிவிட்டுப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் பின்சீற்றில் போனேன். அக்கா முன்சீற்றில், தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடியபடி. கார் மாட்டுவண்டில் போலப் போனது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்து ஏசிக்கொண்டு முந்தினார்கள்.

"சுவர்ணா, இது வல்லைவெளி. காத்து வருது," என்றார் இராசண்ணை. "இது ஆவரங்கால்." "நீர்வேலி வந்திட்டுது."

 அம்மாவுக்கு அவர் அப்படித்தானே சொல்லிக்கொண்டு வந்தவர். எட்டி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அக்கா கண்ணைத் திறந்தார்.

"எனக்குச் சிறுநீரகம்தான் பழுது, கண் தெரியுது," என்றார். "றோட்டைப் பார்த்து ஓடுங்கோ."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வரும்போது அக்காவின் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. அன்றிரவு அக்கா கட்டிலில் படுத்து நித்திரை கொண்டார் என்று இராசண்ணை வேலிக்கு மேலால் சொன்னார்.

அதன் பிறகு ஒரு செவ்வாயும் தவறவில்லை. ஒரு வெள்ளியும் தவறவில்லை. கார்த்திகை மழையில் வல்லைவெளி றோட்டை வெள்ளம் மூடிய நாளிலும் போனார்கள். அவர் ஓடியது அந்த இரண்டு நாளும் மட்டும்தான். வேறு ஒருவரையும் ஏற்றவில்லை. "என்னை நம்பி வாறதுக்கு அவ ஒருத்திக்குத்தான் விதி," என்பார்.

செருப்பை மட்டும் வழக்கம்போல் கழற்றிச் சீற்றுக்குக் கீழே வைத்தார். இப்போது ஒற்றைச் செருப்பு.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் கழுவ உதவிக்குப் போனேன். கால்மிதியை எடுத்துத் தண்ணீரில் போட்டபோது தண்ணீர் செங்கபில நிறமானது.

"துரு," என்றார் இராசண்ணை.

முன்பு ஒரு நாள் புழுதி என்று சொன்ன அதே குரல். நான் அவருடைய காலைப் பார்த்தேன். பாதத்தில் ஒரு துணி சுற்றி, அதற்கு மேல் காலுறை போட்டிருந்தார். மணம் வந்தது. அந்த மணம் எனக்குத் தெரியும்.

"அண்ணை!"

"சத்தம் போடாதை தங்கச்சி. செவ்வாய் ஒண்டு போகட்டும். பேந்து டொக்டரிட்டைக் காட்டுறன்."

நான் கேட்கவில்லை. நேரே போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "காலைக் காட்டுங்கோ," என்றார். அவர் காட்டவில்லை. அக்கா குனிந்து தானே துணியை அவிழ்த்தார். உள்ளங்காலில், பெடலின் பல் எப்படி வரிசையாக இருக்கிறதோ அப்படியே வரிசையாகப் புண். நடுவில் கறுத்துவிட்டது.

"எப்பயிருந்து?"

"மழைக்காலத்திலை பாத்தனான்."

"பாத்துக்கொண்டோ ஓடினியள்?"

"நோகேல்லை."

"நோகாதெண்டு எனக்குத் தெரியாதோ! அதையோ நான் கேக்கிறன்?" என்று அக்கா குளறினார். "ஏன் காட்டேல்லை? ஏன் ஒரு செருப்பைப் போடேல்லை?"

இராசண்ணை துணியைத் திரும்பக் காலில் சுற்றினார்.

"காட்டினால் மறிச்சுப்போடுவாங்கள் சுவர்ணா. பேந்து உன்னை ஆர் கொண்டுபோறது?"

செருப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்குக் கேள்வியாகவே தெரியவில்லை என்று நினைக்கிறேன். முன்னால் பிள்ளையார் இருந்தார். இராசண்ணை காலைக் கழுவிக்கொண்டு ஏறினார். அவ்வளவுதான். அதில் பிழை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்று, நீயாவது அவருக்குச் சொல்லியிருக்கலாமே அப்பனே என்று பல நாள் கேட்டிருக்கிறேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது காலையும் எடுத்தார்கள். அதற்கு முன்னமே கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. அவருடைய இரத்தத்தைச் சுத்திகரிக்க ஒரு மெசினும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சுவர்ணாக்கா தன் மெசினால் எழும்பியதும், சக்கர நாற்காலியில் இருத்தி அவருடைய வார்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் கண் திறக்கவில்லை. அக்கா அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, "வந்திட்டன், தவறேல்லை," என்று சொன்னார். வெள்ளிக்கிழமை விடிய முன்னம் இராசண்ணை போய்விட்டார். வெளியில் போன உயிர் என்று முற்றத்துப் பந்தலில்தான் கிடத்தச் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என் தம்பியைப் பிடிக்கச் சொல்லி, அவருடைய அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினோம். பிறகுதான் பந்தலுக்கு எடுத்தோம்.

சுவர்ணாக்கா இருக்கிறார். இன்றைக்கும் செவ்வாயும் வெள்ளியும் அதே காரில், அதே தலையணையோடு போய்வருகிறார். ஜெனிஸ்ரன் ஓடுகிறான். அந்த இரண்டு நாளும் கராச் திறப்பதில்லை. இதை அப்போதே செய்திருந்தால் என்று செத்தவீட்டில் சுவரில் தலையை முட்டி அழுதான். அக்காதான் அவனைப் பிடித்து நிறுத்தினார். இடது பெடலை மடித்துவிட்டிருக்கிறான். கழற்றவில்லை. பிள்ளையார் படமும் அப்படியே இருக்கிறது. ஆனால் அவன் செருப்போடுதான் ஓடுகிறான்.

அது இராசண்ணை சொன்னது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெனிஸ்ரன் ஓடிவந்து அவரைத் தூக்கிப் பின்சீற்றில் இருத்தினான். தன் காரில் அவர் பின்சீற்றில் இருந்து நான் கண்டது அன்றுதான். சுவர்ணாக்கா பக்கத்தில் ஏறினார். ஜெனிஸ்ரன் முன்கதவைத் திறந்து, அவருடைய வழக்கம் தெரிந்தபடியால் செருப்பைக் கழற்றக் குனிந்தான்.

"போட்டுக்கொண்டு ஏறு தம்பி," என்றார். "அவர் கோவிக்கமாட்டார்."

கார் நகரத் தொடங்கியது. நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, செவ்வாய்க்கிழமை. விடியவே அவளை எழுப்பிவிடு. தலையணையை மறந்திடாதை."